கொமோடோ தீவை மூடியிருக்க வேண்டுமா?

வெயிலான்:
2019ல் இந்தோனேசியாவின் கிழக்கு நுசா தெங்காரா மாகாண ஆளுநர் கொமோடோ தீவை ஒரு வருடம் மூடுவோம் என்றார். மான் திருட்டு வேட்டை கூடிவிட்டது, அங்குள்ள ராட்சத கொமோடோ உடும்புகளுக்கு இரை போதவில்லை என்பது காரணம். அப்புறம் ஜகார்த்தாவிலுள்ள மத்திய அரசு தலையிட்டு அதைக் கைவிட்டார்கள். மூடியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. பக்கத்துப் பதார் தீவில் மான்கள் வேட்டையில் அருகிப்போய், 1970களோடு உடும்பும் இல்லாமல் போனது. இன்று அந்த மேட்டில் ஏறித்தான் எல்லோரும் செல்ஃபி எடுக்கிறோம்.

கடல்காகம்:
திருடன் டிக்கெட் வாங்கிக்கொண்டா வருகிறான்? பக்கத்துச் சும்பாவா தீவிலிருந்து துப்பாக்கியோடு ராத்திரி படகில் வருகிறான். நாலு சுற்றுலாப் படகு நங்கூரமிட்ட விரிகுடாவில் கரையேற அவன் யோசிப்பான், ஆளே இல்லாத தீவில் ஏன் யோசிக்க வேண்டும்? அதோடு அந்தத் திட்டத்தில் ஊர்க்காரர்களை வெளியேற்றும் பேச்சும் இருந்ததே, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

வெயிலான்:
ஊர்க்காரர் விஷயத்தில் உங்கள் பக்கம்தான். ஆனால் சுற்றுலா சும்மா இல்லை. நான் அதே பூங்காவின் ரிஞ்சா தீவுக்குப் போனபோது, காவலர்களின் தூண்மேல் நிற்கும் சமையலறைக்குக் கீழே ஐந்தாறு உடும்புகள் கசாப்புக் கடை வாசல் நாய் மாதிரி கிடந்தன. கவட்டைக் கம்போடு வந்த வழிகாட்டி கிட்டப் போனபோதும் ஒன்று கண்ணைத்தான் திறந்தது. இதுவா காட்டு விலங்கு?

கடல்காகம்:
அதற்காகத் தீவையே பூட்டுவதா? கொமோடோவில் இருக்கும் அத்தா மோடோ மக்கள் கதையில் ஓரா என்ற உடும்பு மனிதனோடு இரட்டையாகப் பிறந்த சகோதரி. முன்பெல்லாம் மான் அடித்தால் அதற்கும் ஒரு பங்கு போட்டவர்கள் அவர்கள். 1980ல் தேசியப் பூங்கா வந்தபின் வேட்டைக்குத் தடை, பங்கும் நின்றது. 2022ல் டிக்கெட்டை 37.5 லட்சம் ரூபியாவாக ஏற்றப் பார்த்தார்களே, சுற்றுலாப் படகுகள் கிளம்பும் லபுவான் பாஜோ ஊரில் வேலைநிறுத்தம் வெடித்தபின் பின்வாங்கினார்கள். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை.

குறிஞ்சி:
இடையில் ஒன்று. 2019ல் கிழக்கு ஜாவா போலீஸ் பிடித்த கும்பல் ஒரு உடும்பை 50 கோடி ரூபியாவுக்கு விற்றதாகச் சொன்னார்கள். மீட்ட குட்டிகள் ஃபுளோரெஸ் தீவிலிருந்து வந்தவை. பூங்காவுக்கு வெளியே! கொமோடோவைப் பூட்டி அவற்றை எப்படிக் காப்பது?

வெயிலான்:
சரி, மூட வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கீலி மோத்தாங் மாதிரி மான் குறைந்த சின்னத் தீவில் உடும்பும் சிறுத்துக் கிடக்கிறது. ராத்திரி ரோந்துப் படகுக்கு டீசல் டிக்கெட் காசிலிருந்து போகிறதா, இல்லையா? அதை யாராவது சொல்லுங்கள்.

கடல்காகம்:
அந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டிருந்தால் நான் சண்டைக்கே வந்திருக்க மாட்டேன்.