மீட்டர் இறங்கினால் தண்ணீரா? பழைய செம்புச் சுரங்கத்தில் நான் பட்டது

வள்ளியூர்க்காரர்:
போர்வெல் போட அடியில் தண்ணீர் எங்கே என்று பாயிண்ட் பார்ப்பதுதான் எனக்குப் பிழைப்பு. ராதாபுரம், திசையன்விளை, நாங்குநேரி என்று கம்பியும் சம்மட்டியுமாக இருபது வருஷமாக அலைகிறேன். தரையில் நாலு கம்பி அடித்து, வெளிக்கம்பி இரண்டில் கரண்ட் விட்டு, உள்கம்பி இரண்டில் வோல்டேஜ் பார்ப்போம். மின்தடை குறைந்தால் அடியில் ஈரம். தேரி என்கிற காய்ந்த செம்மணல் மேட்டில் மின்தடை ஆயிரம் ஓம் மீட்டருக்கு (அதை அளக்கும் அலகு) மேலே நிற்கும். கம்பியைச் சுற்றி உப்புத் தண்ணீர் ஊற்றினால்தான் கரண்டே இறங்கும்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், தெரிந்த பேராசிரியர் ஒருவர் கர்நாடகத்தில் சித்ரதுர்கா பக்கம் மூடிக்கிடக்கும் செம்புச் சுரங்கத்துக்குக் கூப்பிட்டார். செம்பை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மாவாகக் கொட்டி வைத்த மேடு. புல் பூண்டு இல்லை. மேலே முழங்கால் ஆழத்துக்கு மஞ்சளும் துருவும். அதற்குக் கீழே ஈரமான சாம்பல் நிற மண்.

கம்பி அடித்தோம். அஞ்சு ஓம் மீட்டர்! ஊரில் இந்த எண் வந்தால் உவரிக் கடலோரத்து உப்புத் தண்ணீர் என்று சொல்லிவிடுவேன். அங்கே கடலோ மலைக்கு அந்தப் பக்கம். "நல்ல தண்ணி கெடக்கு சார்" என்று வாயை விட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் மேட்டடியில் கசிந்த தண்ணீரில், புளிப்பை அளக்கும் பிஎச் தாளை முக்கிக் காட்டினார். தெளிவான தண்ணீர்தான், அள்ளிக் குடிக்கத் தோன்றும். பிஎச் மூன்றுக்கும் கீழே, அதாவது கடும் அமிலம்.

மண்ணில் பைரைட் மிச்சம் இருக்கிறது. இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். காற்றும் மழையும் பட்டால் கந்தக அமிலம் ஊறும், பாக்டீரியா அதை இன்னும் வேகப்படுத்தும். அந்த அமிலம் செம்பு, துத்தநாகம் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. கரைந்தது கூடக் கூட மின்தடை குறையும். மீட்டருக்குத் தித்திப்பும் புளிப்பும் தெரியுமா? அதனால்தான் மண்ணையும் தண்ணீரையும் ஆய்வகத்துக்கு அனுப்பி, அந்த முடிவை எங்கள் எண்களோடு வைத்துப் பார்த்தார்கள். இன்னொன்றும் செய்தோம்: கரண்டை நிறுத்திய பிறகு வோல்டேஜ் சட்டென்று விழாமல் மெல்ல இறங்குகிறதா என்று பார்த்தோம். மெல்ல இறங்கிய இடத்தில் பைரைட் மாதிரி கந்தகம் சேர்ந்த சல்பைடு கனிமம் இன்னும் கெடாமல் இருக்கிறதாம்.

ஊருக்கு வந்ததிலிருந்து, பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் ருசி பார்க்காமல் பாயிண்ட் சொல்வதில்லை.

பாளையங்கோட்டைக்காரர்:
படிக்கிற காலத்தில் இப்படி ஒரு மேட்டுக்குக் கோடையில் போனேன். மேலே வெள்ளையும் இளம்பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. எங்கள் தாத்தா வைத்திருந்தது நாட்டு மருந்துக் கடை. பார்த்ததும் தெரிந்துவிட்டது, பச்சை அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட் உப்பு! சில இடங்களில் மயில்துத்தம் (செம்பு சல்பேட்) மாதிரி நீலமும் உண்டு. முதல் மழையில் இது மொத்தமும் ஒரே நாளில் கரைந்து ஓடைக்குப் போகும். கோடையில் மட்டும் மாதிரி எடுத்துவிட்டுத் திரும்பினால் பாதி சங்கதி கையை விட்டுப் போய்விடும். நாங்கள் அந்தத் தப்பைத்தான் செய்தோம்.

தாழையூத்துக்காரர்:
அண்ணாச்சி, நம்ம ஊர் சுண்ணாம்புக்கல்லை நாலு லோடு கொட்டினால் புளிப்பு அடங்காதா?

வள்ளியூர்க்காரர்:
நானும் இதையேதான் கேட்டேன், தம்பி. அடங்கும், ஆனால் கொஞ்ச நாள்தான். தண்ணீரில் இருக்கும் இரும்பு துருவாகக் கல்மேல் படிந்து தோடு கட்டிவிடும். அப்புறம் உள்ளே இருக்கும் சுண்ணாம்பை அமிலம் தொடாது. அதனால் காற்றுப் படாமல் கல்லைப் புதைத்து, அதன் வழியாகத் தண்ணீரை விடுவார்களாம். காற்று இல்லாவிட்டால் இரும்பு துருவாகாது.