பழைய ஸ்பாஞ்சைக் கழுவாதீங்க

குழு: நம்ம வீடு

*சனிக்கிழமை*

மாலை 6:10 – அக்கா: 📷 புதுத் தொட்டி வந்தாச்சு! 100 லிட்டர். தண்ணி ரொப்பி ஃபில்டர் போட்டு லைட்டும் எரியுது. பழைய தொட்டி மூலையில காலையிலிருந்து கசியுது. துண்டு வச்சு வச்சு பிழிஞ்சுட்டு இருக்கேன். ராத்திரிக்குள்ள மீனெல்லாம் இதுல விட்டுடப் போறோம்.

மாலை 6:12 – அம்மா: தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே!

மாலை 6:13 – அக்கா: நான் குட்டி, அம்மா ஃபோன்லேருந்து. 5 மோலி, 4 பிளாட்டி, 3 கோரி. எல்லாம் புது வீட்டுக்குப் போகுது 🐟

மாலை 6:19 – சித்தப்பா: கண்ணு, இன்னும் விடலையே? விடாதீங்க. கொஞ்சம் பொறுங்க, வந்து டைப் பண்றேன்.

மாலை 6:20 – அக்கா: ஏன் சித்தப்பா? தண்ணி சுத்தமாத்தானே இருக்கு.

மாலை 6:26 – சித்தப்பா: சுத்தமா இருக்கறதுதான்மா பிரச்சனை. மீன் மூச்சு விட்டாலும் கழிச்சாலும் அம்மோனியா வரும். அதுவும் செவுள் வழியாத்தான் அதிகம் வரும். பழைய தொட்டியில அதைத் தின்னுறதுக்குன்னே ஒரு வகை பாக்டீரியா குடியிருக்கு. அது அம்மோனியாவை நைட்ரைட்டா மாத்தும். நைட்ரைட்டும் விஷம். அதை இன்னொரு வகை நைட்ரேட்டா மாத்தும். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்ல, வாரா வாரம் தண்ணி மாத்தினா போயிடும். புதுத் தொட்டியில இந்த ரெண்டு கூட்டமும் கிடையாது. ஒண்ணுமில்லாம ஆரம்பிச்சா அதுங்க வளர 4லேருந்து 6 வாரம் ஆகும்.

மாலை 6:28 – அக்கா: 6 வாரமா! இங்க தொட்டி கசியுது சித்தப்பா.

மாலை 6:29 – மாமா: காலையிலிருந்து ஒரு விரல்கடை இறங்கியிருக்கு. இப்ப வேகமா ஒழுகுது.

மாலை 6:31 – நான்: பழைய தொட்டித் தண்ணியையே இதுல ஊத்திட்டா? பாக்டீரியா அதுல இருக்கும்ல?

மாலை 6:34 – சித்தப்பா: தண்ணியில ரொம்பக் கொஞ்சம்தான் தம்பி. அது எதையாவது ஒட்டிக்கிட்டு வாழற ஜீவன். ஸ்பாஞ்ச், செராமிக் ரிங், கல், மரக்கட்டை. அதிலயும் ஆக்சிஜன் ஓடிக்கிட்டே இருக்கற ஃபில்டர்லதான் பெருங்கூட்டம். மாப்பிள்ளை, பழைய ஃபில்டர் ஸ்பாஞ்ச் எங்க இருக்கு? அதை அப்படியே புது ஃபில்டருக்குள்ள வச்சுட்டா பாதிக் கவலை போச்சு.

மாலை 6:41 – மாமா: மாமா, அது ரொம்ப அழுக்கா இருந்துது. புதுத் தொட்டிக்கு மாத்தறோமேன்னு மத்தியானமே குழாய்ல பிடிச்சு, வெள்ளையாகற வரைக்கும் பிழிஞ்சு வெயில்ல போட்டுட்டேன்.

மாலை 6:42 – அக்கா: 😟

மாலை 6:48 – சித்தப்பா: விடுங்க மாப்பிள்ளை, யாரும் செய்யறதுதான். குழாய்த் தண்ணி குளோரின்ல பாதி செத்திருக்கும், மீதி வெயில்ல காஞ்சிருக்கும். நானும் இதையே செஞ்சவன். தொட்டி மாத்தறேன்னு மணல்லேருந்து மோட்டார் வரைக்கும் தேய்ச்சுக் கழுவி, பளபளன்னு வச்சு மீனை விட்டேன். மூணாம் நாள் எல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுச்சு. காத்து பத்தலைன்னு நினைச்சு இன்னொரு ஏர் ஸ்டோன் போட்டேன். அது காத்துக்காக வந்ததில்ல, செவுள் வெந்து போயிருந்துது. ஆறு நாள்ல 11 மீன். ஒவ்வொண்ணா வலையில எடுத்தது இன்னும் கண்ணுல நிக்குது. அதனாலதான் கேக்கறேன். கழுவாம வேற எதாவது மிச்சம் இருக்கா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க.

மாலை 6:53 – மாமா: மூலையில ஏர் பம்ப்ல ஓடற சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒண்ணு இருக்கு. அதைத் தொடல. கல்லும் மரக்கட்டையும் தொட்டியிலேயேதான் இருக்கு.

மாலை 6:54 – சித்தப்பா: அப்பாடா! அதுதான் உயிர். நிறுத்தாதீங்க, வெளிய எடுக்காதீங்க. தம்பி, நீ பக்கத்துலதானே இருக்க, போய் ஒரு கை கொடு.

மாலை 6:55 – நான்: கிளம்பறேன். என்கிட்ட டெஸ்ட் கிட் இருக்கு, எடுத்துட்டுப் போறேன்.

இரவு 7:20 – சித்தப்பா: புதுத் தொட்டிக்கு ஆன்டி குளோரின் போட்டீங்களா?

இரவு 7:21 – மாமா: இல்ல மாமா. ஒரு நாள் வச்சா குளோரின் தானா போயிடும்னு சொன்னாங்க.

இரவு 7:24 – சித்தப்பா: வெறும் குளோரினா இருந்தா போகும். குளோரமின், அதாவது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது, கலந்த தண்ணின்னா நின்னாலும் போகாது. இப்பவே போடுங்க, 100 லிட்டருக்கும் கணக்குப் பண்ணி. பாட்டில்ல என்ன அளவு போட்டிருக்கோ அது. அப்புறம் ரெண்டு தொட்டிச் சூடும் பாருங்க. கைவச்சுப் பாக்கறது கணக்கில்ல, தெர்மாமீட்டர் வைங்க.

இரவு 7:38 – நான்: பழசு 27 டிகிரி, புதுசு 24. ஹீட்டரை மாத்திப் போட்டிருக்கோம்.

இரவு 7:40 – சித்தப்பா: சரி, ஏறட்டும், அவசரப்படாதீங்க. அதுவரைக்கும் சோப்பு படாத ஒரு வாளியில பழைய தண்ணி பாதி பிடிங்க. தொட்டியில தண்ணியை அஞ்சு விரல் உயரத்துக்கு இறக்கிட்டு மீனைப் பிடிங்க. நிறையத் தண்ணியில வலையைத் துழாவினா அதுங்க ஓடி ஓடியே களைச்சுடும். வாளிக்குள்ள ஏர் ஸ்டோன் போட்டு மேல துணியால மூடுங்க, மோலி எகிறும். தண்ணியோட தொட்டியைத் தூக்கிடாதீங்க, ஒரு லிட்டர் ஒரு கிலோ. கசியற தையல் நடுவுல விட்டுடும்.

இரவு 8:15 – நான்: 12ம் வாளியில. சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டரைத் தண்ணிக்குள்ளயே ஒரு மக்குல வச்சுத் தூக்கிப் புதுத் தொட்டியில இறக்கிட்டேன். மக்குத் தண்ணி முழுக்கப் பழுப்பு. விரல்ல தொட்டா வழவழன்னு மண்ணு மாதிரி ஒட்டுது.

இரவு 8:17 – சித்தப்பா: அந்த வழவழப்புதான்பா சொத்து. பழைய கல்லை ரெண்டு மூணு கைப்பிடி வலைப் பையில கட்டி ஃபில்டர் பக்கத்துல வை. மரக்கட்டையும் அப்படியே போகட்டும், தேய்க்காதீங்க.

இரவு 8:20 – அக்கா: மீனை எப்ப விடலாம் சித்தப்பா? குட்டி தூங்க மாட்டேங்கறா.

இரவு 8:23 – சித்தப்பா: அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை புதுத் தொட்டித் தண்ணி ஒரு சின்னக் கப் வாளியில ஊத்துங்க. ஒரு மணி நேரம். பழைய தண்ணி பழகின உடம்பு, சட்டுன்னு மாறினா தாங்காது. அப்புறம் வலையில எடுத்து விடுங்க, வாளித் தண்ணி வேண்டாம். லைட்டை அணைச்சுடுங்க. குட்டிக்கு அந்தக் கப்பைக் கொடுங்க, அவ ஊத்தட்டும்.

இரவு 9:47 – அக்கா: 📷 விட்டாச்சு. கோரி மூணும் மரக்கட்டைக்கு அடியில ஒண்டிக்கிச்சு. குட்டி 12 கப் ஊத்தினா, எண்ணி எண்ணி.

இரவு 9:50 – அம்மா: பாவம், பசியோட இருக்குமே. கொஞ்சம் தீனி போடுங்க.

இரவு 9:52 – சித்தப்பா: வேண்டாம் அண்ணி. இன்னைக்கும் நாளைக்கும் கிடையாது. ஒண்ணும் ஆகாது அதுங்களுக்கு. இப்ப தின்னுறதெல்லாம் அம்மோனியாதான். திங்கக்கிழமையிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு நிமிஷத்துல தின்னு முடிக்கற அளவு.

*திங்கட்கிழமை*

காலை 7:05 – மாமா: 📷 மாமா, அம்மோனியா டெஸ்ட் பண்ணேன். நேத்து மஞ்சளா இருந்துது, இன்னைக்குப் பச்சை ஆரம்பிச்சிருக்கு. அட்டையில 0.5 பிபிஎம் கிட்ட வருது.

காலை 7:12 – சித்தப்பா: எதிர்பார்த்ததுதான். இருக்கற பாக்டீரியாவுக்கு வேலை அதிகம். பெருகறதும் மெதுவாத்தான், ஒண்ணு ரெண்டாக ஒரு நாள்கூட ஆகும். பாதித் தண்ணி மாத்துங்க, 0.5 பாதியா குறையும். 0.25 தாண்டும்போதெல்லாம் இதே வேலை. ஆன்டி குளோரின், அதே சூடு, ரெண்டையும் மறக்காதீங்க. பிஹெச், அதான் தண்ணியோட அமில-காரத் தன்மை, எவ்வளவு?

காலை 7:15 – மாமா: 7.6.

காலை 7:18 – சித்தப்பா: அப்ப கவனமாத்தான் இருக்கணும். பிஹெச் ஏற ஏற, சூடு ஏற ஏற அம்மோனியாவோட விஷமும் கூடும்.

*அடுத்த ஞாயிறு*

மாலை 5:30 – அக்கா: சித்தப்பா, அம்மோனியா 0.25க்குக் கீழ. ஆனா நைட்ரைட் 0.5 காட்டுது. ஒரு பிளாட்டி வேகமா மூச்சு விடுது.

மாலை 5:33 – சித்தப்பா: ரெண்டாவது கூட்டம் இன்னும் தேறல. நைட்ரைட் ரத்தத்துல ஆக்சிஜன் சுமக்கறதைக் கெடுக்கும், ரத்தமே பழுப்பாயிடும். பாதித் தண்ணி உடனே மாத்துங்க. அப்புறம் கல்லுப்பு 10 கிராம் மக்குல கரைச்சுக் கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. உப்புல இருக்கற குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியா உள்ள போறதைத் தடுக்கும். அதுக்கு மேல போடாதீங்க, கோரிக்கு உப்பு ஆகாது. நாளைக்கு 50 லிட்டர் மாத்தினா அந்த 50க்கு மட்டும் 5 கிராம்.

இரவு 9:10 – அக்கா: பிளாட்டி இப்பப் பரவால்ல, கீழ இறங்கி மத்ததோட சுத்துது.

இரவு 9:11 – அம்மா: இப்பத்தான் எனக்கு மூச்சு வந்துது.

*மூணு வாரம் கழிச்சு, சனிக்கிழமை*

காலை 8:40 – மாமா: அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 10. நாலாவது நாளா இப்படியே இருக்கு மாமா. 12ம் நல்லா இருக்கு.

காலை 8:46 – சித்தப்பா: கேக்கவே நல்லா இருக்கு மாப்பிள்ளை! புதுசா மீன் ஒண்ணும் இப்ப சேர்க்காதீங்க. இந்த 12க்கு ஏத்த பாக்டீரியாதான் வளர்ந்திருக்கும்.

காலை 8:50 – மாமா: சரி மாமா. சின்ன ஸ்பாஞ்ச்ல குமிழி குறைஞ்சிருக்கு, அடைச்சிருக்கும்போல. என்ன செய்யட்டும்?

காலை 8:52 – சித்தப்பா: தண்ணி மாத்தும்போது தொட்டியிலிருந்து எடுக்கற தண்ணி வாளியில இருக்கும்ல, அதுக்குள்ளயே ரெண்டு தடவை மெதுவா அமுக்கி எடுங்க. குழாய்ப் பக்கம் போகவே வேண்டாம்.

காலை 9:25 – மாமா: 📷 ரெண்டே தடவைதான் அமுக்கினேன். வாளி பழுப்பு, ஸ்பாஞ்சும் பழுப்பு. அப்படியே திரும்பப் போட்டுட்டேன், குமிழி நல்லா வருது.