மில் வீட்டுச் சொந்தங்கள்: கவினுக்கு ஒரு கோட்டு வேண்டும்

வித்யா: யாரிடமாவது கறுப்பு நீளக் கோட்டு இருக்கிறதா? கவின் அளவுக்கு. வெள்ளிக்கிழமை வகுப்பில் கலிபோர்னியா வரலாற்றில் ஒருவராக வேஷம் போட்டு இரண்டு நிமிடம் பேச வேண்டும். இவனுக்கு வந்திருப்பது தியோடர் ஜூடா.

மீனா அத்தை: யார் அது?

செந்தில்: மலை மேல் ரயில் பாதை போட்டவர் அத்தை.

பெரியப்பா: போட்டவர் இல்லை மாப்பிள்ளை. வழி கண்டுபிடித்தவர். போட்டவர்கள் வேறு. கவின் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். விவரமாக எழுதுகிறேன்.

சித்தப்பா: அண்ணன் ஆரம்பித்துவிட்டார் 😀

நிலா: தாத்தா எழுதட்டும்

பெரியப்பா: 1826இல் கனெக்டிகட்டில் பிறந்தவர். அப்பா பாதிரியார். அண்ணன் ஹென்றி உள்நாட்டுப் போரில் ஜெனரல். இவர் சின்ன வயதிலேயே ரயில்வே சர்வேக்கு வந்துவிட்டார். நயாகரா பள்ளத்தாக்கில் பாதை போட்டுப் பேர் வாங்கினார். 1854இல் கலிபோர்னியாவுக்குக் கூப்பிட்டார்கள். சேக்ரமென்டோவிலிருந்து உங்கள் ஃபால்சம் வரை 1856இல் ரயில் ஓடியதே, அது இவர் வேலை.

வித்யா: பெரியப்பா, இரண்டு நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள்.

பெரியப்பா: முக்கியமான இடமே இனிதான் அம்மா. கலிபோர்னியாவின் கிழக்கே நிற்கிற சியரா நெவாடா மலைத்தொடரில் ரயில் ஏறாது என்று ஊரே சொன்னது. பைத்தியம் ஜூடா என்று பட்டப்பெயர் வேறு. 1860இல் டச் ஃப்ளாட் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த டேனியல் ஸ்ட்ராங் கடிதம் போட்டு இவரை வரவழைத்தார். அந்த ஊர் வழியாக ஒரே மலைமுகடு விட்டுப்போகாமல் மேலே போகிறது. மற்ற இடங்களில் ஒன்று ஏறி, பள்ளத்தில் இறங்கி, மறுபடி இன்னொன்று ஏற வேண்டும். இங்கே அது கிடையாது. மைலுக்குச் சுமார் 100 அடி ஏற்றம். அப்படியே போய் 7,000 அடி உயரத்தில் டானர் கணவாய். லெவல் கருவி பிடித்து நிலம் அளந்தவனுக்குத்தான் தெரியும் அது எப்பேர்ப்பட்ட இடம் என்று.

மீனா அத்தை: நவீன் ஸ்கூல் பிளேசர் இருக்கிறது. கருநீலம். பரவாயில்லையா?

வித்யா: போட்டோ அனுப்புங்கள் அத்தை

மீனா அத்தை: அப்புறம் அந்தப் பெரிய இட்லிப் பாத்திரம் யார் வீட்டில் இருக்கிறது? எனக்கு இன்னும் வரவில்லை.

செந்தில்: 🤐

சித்தப்பா: பங்காளிகள் அவரை ஒதுக்கினார்களே, அதை விட்டுவிட்டீர்களே அண்ணே.

பெரியப்பா: வருகிறேன். பணம் போட்டவர்கள் சேக்ரமென்டோ வியாபாரிகள் நாலு பேர். ஸ்டான்ஃபோர்டு, ஹன்டிங்டன், ஹாப்கின்ஸ், கிராக்கர். வாஷிங்டனுக்கு நடையாய் நடந்து, இந்த ரயில் பாதைக்கு அரசாங்கம் உதவும் சட்டத்தை வாங்கித் தந்தவர் ஜூடா. 1862 ஜூலை 1 லிங்கன் கையெழுத்துப் போட்டார். சமவெளியில் மைலுக்கு 16,000 டாலர், மலையில் 48,000 டாலர், அரசாங்கக் கடன் பத்திரமாக. அந்த அதிகப் பணத்துக்காக இவர்கள் சேக்ரமென்டோ தாண்டி 7 மைலில், ஆர்கேட் ஓடையிலேயே மலை தொடங்கிவிட்டது என்று சான்று வாங்கினார்கள். ஜூடா ஒத்துக்கொள்ளவில்லை. தானே அளந்த நிலத்தைப் பற்றி எப்படிப் பொய் சொல்வார்?

செந்தில்: ஆர்கேட் ஓடையா? நான் ஆபீஸ் போகும் வழி. சைக்கிளில் மிதிக்காமலே போகலாம், அவ்வளவு சமம்.

சித்தப்பா: நிலத்தை மாற்றி எழுதுவது நமக்குப் புதிதா என்ன. மில்லின் கிழக்கு எல்லைக் கல்...

பெரியப்பா: தம்பி, மில் பேச்சு இங்கே வேண்டாம் என்று பொங்கலுக்கே முடிவாகிவிட்டது.

சித்தப்பா: கல்லைப் பற்றித்தான் சொன்னேன். ஆளைப் பற்றிச் சொல்லவில்லை.

மீனா அத்தை: இரண்டு பேரும் தனியாகப் போன் போட்டுப் பேசுங்கள். பிள்ளைகள் இருக்கிற குழு இது.

நிலா: கவின் பேப்பரில் மனைவி பேரே இல்லை. அன்னா. அவங்களும் கூடவே மலைக்குப் போய்ப் படம் வரைந்திருக்கிறார்கள். வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டிடத்திலேயே ஜூடாவுக்கு ஒரு அறை கிடைத்தது. மேப்போடு அன்னா வரைந்த மலைப் படங்களையும் அங்கேதான் வைத்தார்கள். நானும் வந்து அன்னாவாக நிற்கட்டுமா அம்மா?

மீனா அத்தை: நில் கண்ணு. கட்டாயம் நில்.

வித்யா: உனக்கு அன்று கணக்கு டெஸ்ட்.

பெரியப்பா: நிலா சொல்வது சரி. அந்த அம்மாளை விட்டுவிட்டு இவர் கதை இல்லை. பங்காளிகளோடு ஒட்டாமல் போனதும், அவர்கள் பங்கை விலைக்கு வாங்கப் பணம் திரட்ட 1863 அக்டோபரில் இரண்டு பேரும் நியூயார்க்குக்குக் கப்பல் ஏறினார்கள். பனாமாவில் கொட்டும் மழை. பெண்களையும் குழந்தைகளையும் இவர் குடை பிடித்து அழைத்துப் போனதாக அன்னாவே எழுதி வைத்திருக்கிறார். அங்கே பிடித்த மஞ்சள் காய்ச்சல். நவம்பர் 2 நியூயார்க்கில் உயிர் போய்விட்டது. வயது 37.

மீனா அத்தை: ஐயோ. பிள்ளைகள்?

பெரியப்பா: இல்லை. அன்னா அவரைத் தன் ஊர் கிரீன்ஃபீல்டில் அடக்கம் செய்தார். 1869 மே 10 யூட்டாவில், கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் போட்டு வந்த இரண்டு பக்கத்துத் தண்டவாளமும் சேர்ந்தன. தங்க ஆணி, பேச்சு, கொண்டாட்டம். அந்த மே 10 இவர்கள் கல்யாண நாள். 1847இல் நடந்தது. அன்னா அன்று யாரையும் பார்க்காமல் வீட்டிலேயே இருந்தார்.

நிலா: 😢

வித்யா: நாலாம் வகுப்புப் பிள்ளை காய்ச்சல், சாவு எல்லாம் பேச வேண்டுமா? ஏற்றமும் கணவாயும் போதும் என்று நினைக்கிறேன்.

பெரியப்பா: கூடாது. அதை விட்டால் அந்த நாலு பேர் செய்ததையே நாமும் செய்கிறோம்.

சித்தப்பா: இதில் நான் அண்ணன் பக்கம். வழி காட்டினவன் பேரை முழுசாகச் சொல்ல வேண்டும். மலையைக் குடைந்த சீனத் தொழிலாளிகளையும் ஒரு வரி சொல்லச் சொல்லு வித்யா.

செந்தில்: இரண்டு நிமிடம் மாமா!

பெரியப்பா: தம்பி சொன்னதையும் சேர்த்துக்கொள். நான் சுருக்கி எழுதி அனுப்புகிறேன்.

வித்யா: பத்து வரிக்குள் பெரியப்பா. சாவு விஷயம் டீச்சரிடம் கேட்டுச் சொல்கிறேன்.

சித்தப்பா: பழைய சேக்ரமென்டோவில் ஜூடா நினைவுக்கல் இருக்கிறது. 1930இல் சதர்ன் பசிபிக் ரயில் கம்பெனி ஊழியர்கள் வைத்தது. சனிக்கிழமை பிள்ளைகளோடு எல்லோரும் போகலாமா? அண்ணே, உங்களை நான் வந்து கூட்டிக்கொள்கிறேன்.

பெரியப்பா: பார்க்கலாம். சனிக்கிழமை கண் டாக்டர் இருக்கிறது. மதியத்துக்கு மேல் என்றால் முடியும்.

மீனா அத்தை: பிளேசர் போட்டோ போட்டிருக்கிறேன். கை கொஞ்சம் நீளம், மடித்துத் தைத்துக்கொள். சனிக்கிழமை வரும்போது இட்லிப் பாத்திரத்தைக் கொண்டு வாருங்கள்.