முடிச்சை முதலிலேயே சொல்லிவிடும் த்ரில்லர்கள்

த்ரில்லர் நாவல்களைப் படித்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லும்போது, கடைசித் திருப்பத்தைக் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை என்ற வியப்பே பெரும்பாலும் முன்னால் நிற்கிறது. என் அனுபவம் சற்று வேறு. அண்மை ஆண்டுகளில் வந்தவற்றுள் என்னைக் கீழே வைக்கவிடாமல் படிக்கவைத்தவை, சிக்கல் இன்னது என்பதைத் தொடக்கத்திலேயே வாசகர் முன் வைத்துவிட்டு, அதிலிருந்து எப்படி மீள்வார்கள் என்ற ஒரே கேள்வியோடு நம்மை இழுத்துச் சென்ற நாவல்கள்தாம்.

முதலில் டி. ஜே. நியூமன் எழுதி 2021இல் வெளிவந்த 'ஃபாலிங்'. பயணிகள் விமானம் வானில் இருக்கும்போது, தன் மனைவியும் குழந்தைகளும் பிணைக்கைதிகளாகப் பிடிக்கப்பட்டிருப்பது அதன் விமானிக்குத் தெரிகிறது. விமானத்தை அவர் விழச் செய்யாவிட்டால் அவர்கள் கொல்லப்படுவார்கள். இது சில அத்தியாயங்களுக்குள்ளேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு என்னைக் கட்டிப்போட்டது விமானியின் தவிப்பைக் காட்டிலும், பயணிகளிடம் எதை, எப்போது சொல்வது என்று முடிவெடுக்க வேண்டிய விமானப் பணியாளர்களின் நிலைதான். ஆசிரியரே விமானப் பணிப்பெண்ணாக இருந்தவர். பயணிகள் உறங்கும் இரவுப் பயணங்களில் இந்த நாவலின் பெரும்பகுதியை எழுதியவர். அந்தக் குறுகிய இடத்தில் ஒருவர் எங்கே நிற்க முடியும், யார் கண்ணில் படாமல் பேச முடியும் என்பதெல்லாம் வேலை செய்து பழகியவரின் துல்லியத்தோடு வருகின்றன.

அதே ஆண்டில் வந்த ஆண்டி வியரின் 'ப்ராஜெக்ட் ஹெயில் மேரி' இன்னும் ஆழமாகப் பதிந்தது. தன் பெயர்கூட நினைவில்லாமல் ஒருவர் கண்விழிக்கிறார். தான் இருக்கும் இடம் எது என்று சொல்ல யாருமில்லை. ஆய்வகத்தில் பொருள்கள் வழக்கத்தைவிட விரைவாகக் கீழே விழுவதாக அவருக்குத் தோன்ற, அவற்றை விழச்செய்து நேரத்தை அளந்து, ஈர்ப்பு முடுக்கம் வினாடிக்கு வினாடி 15 மீட்டர் என்று கணக்கிடுகிறார். பூமியில் அது 9.8தானே! உடனே அவர் முடிவுக்குத் தாவிவிடவில்லை; சுழலும் இயந்திரம் ஒன்றுக்குள் தன்னை வைத்திருக்கலாமோ என்ற ஐயத்தைத் தீர்க்க ஊசல் ஒன்றைக் கட்டி ஆட்டிப் பார்க்கிறார். துப்பாக்கியும் துரத்தலும் இல்லாத அந்தப் பக்கங்களை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தேன், ஏனென்றால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கணத்தில் எனக்கும் தெரியும். அவரோடு சேர்ந்து நானும் கணக்குப் போட முடிந்தது. பாதிக்கு முன்பே நிகழும் ஒரு சந்திப்பைப் பற்றி இங்கே எதுவும் சொல்லமாட்டேன். படிக்காதவர்கள் அதை நாவலிலேயே அடைய வேண்டும்.

இதற்கு நேரெதிரான கட்டமைப்பு கொண்டது அலெக்ஸ் மைக்கேலிடிஸின் முதல் நாவலான 'தி சைலண்ட் பேஷண்ட்' (2019). கணவரைச் சுட்டுக் கொன்றபின் ஒரு சொல்லும் பேசாத ஓவியர், அவரைப் பேசவைக்க முயலும் மனநல சிகிச்சையாளர், இடையிடையே அந்த ஓவியரின் நாட்குறிப்பு. முடிவு என்னை உண்மையிலேயே உலுக்கியது. திரும்பிப் பார்த்தபோது ஆசிரியர் நேர்மையாகவே தடயங்களை வைத்திருந்ததும் தெரிந்தது. ஆனால் இரண்டாம் முறை படித்தபோது தடயங்களைச் சரிபார்க்கும் வேலைதான் மிஞ்சியது. 'ப்ராஜெக்ட் ஹெயில் மேரி'யிலோ விடை தெரிந்த பிறகும் அந்த ஊசல் காட்சி அதே ஆவலைத் தந்தது. மேலும், திருப்பத்தை நம்பி வரும் பல நாவல்களில், கதைசொல்லி தனக்குத் தெரிந்ததை எந்தக் காரணமும் இல்லாமல் கடைசி அத்தியாயம்வரை நம்மிடமிருந்து ஒளித்துவைக்கிறார். சரியான காரணமில்லாத அந்த மறைப்பை என்னால் ஏற்க முடிவதில்லை.

நியூமனின் அடுத்த நாவலான 'ட்ரௌனிங்' (2023) சாகசக் கதைக்கு இன்னும் நெருக்கமானது. ஹவாய்க்கு அருகே கடலில் விழுந்த விமானம் பயணிகள் சிலரோடு மூழ்கிவிடுகிறது. உள்ளே ஒரு பொறியாளரும் அவருடைய மகளும், மேலே மீட்புப் பணியில் நீருக்கடி வேலைகளில் தேர்ந்த அவருடைய மனைவி. உள்ளிருக்கும் காற்று குறைந்துகொண்டே போகிறது. பாத்திரங்கள் 'ஃபாலிங்' அளவுக்கு நிறைவாக உருவாகவில்லை என்றாலும், ஒவ்வொரு மீட்புத் திட்டமும் எதனால் தோற்கிறது என்பது தெளிவாக விளக்கப்படுவதால் ஒரே அமர்வில் முடித்தேன்.

இவ்வாறு சிக்கலை ஒளிக்காமல் திறந்து வைக்கும் நாவல்களைப் படித்தவர்கள், குறிப்பாகக் கடலையோ மலையையோ களமாகக் கொண்டவற்றை, முடிவை மட்டும் வெளியிடாமல் இங்கே குறிப்பிட வேண்டுகிறேன்.