மீன்கொத்தியின் வெள்ளை நெஞ்சு படத்தில் வெளிறிப் போகிறது, உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்பு காந்தி பூங்காவில், வாவிக்கரையில், காலையில் ஒரு வெண்மார்பு மீன்கொத்தி வந்திருக்கும். கபில நிறத் தலை, சிவந்த அலகு, முதுகில் மின்னும் நீலம். பார்த்துக்கொண்டே நிற்கலாம். படத்தில்தான் சிக்கல்: தலைக்கு வெளிச்சம் சரியாக வைத்தால் நெஞ்சு வெளிறி, இறகே தெரிவதில்லை. 300 மி.மீ. லென்ஸ், ஷட்டர் 1/1000 செக்கன். எக்ஸ்போஷரை எவ்வளவு குறைக்கிறீர்கள்?

அப்புறம், ஆறுமணிக் குருவி. குளிர்காலத்துக்கு இந்தியாவிலிருந்து வருகிற விருந்தாளி. போன மார்கழியில் எங்கள் வளவில் மாமரத்தடிச் சருகைக் கிளறிக்கொண்டு நின்றது. வாலடியில் குங்குமச் சிவப்பு. கமராவை எடுத்து வருவதற்குள் பறந்துவிட்டது. மட்டக்களப்பு, அம்பாறைப் பூங்காக்களில் யாராவது கண்டிருந்தால் இடமும் நேரமும் சொல்லுங்கள். தூர நின்றுதான் எடுப்பேன், கலைக்க மாட்டேன்.