கம்பி இழுக்கும் வின்ச்சைத் தூணில் பிடிக்கும் தகடு சறுக்குகிறது – அவசர உதவி

முள்முருங்கை – காலை 10:12

வணக்கம். வேலிக்குக் கம்பி இழுத்துக்கொண்டிருக்கிறோம். கை வின்ச்சைக் கடைசித் தூணோடு பிடித்து வைக்க, பல் வெட்டிய வி வடிவத் தகடு ஒன்று உண்டே, சங்கிலியோடு வருமே, அது நிற்கவே மாட்டேன் என்கிறது. லீவரைக் கொஞ்சம் போட்டதுமே சறுக்கிவிடுகிறது. சங்கிலியைக் கண்ணி குறைத்து மாட்டியும் பார்த்தாயிற்று. தகடு சரியில்லையா, மாட்டும் முறை வேறா? இரண்டு பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். சீக்கிரம் சொல்லுங்கள்.

பழைய இரும்பு – 10:19

முதல் வேலையாக அந்த இரண்டு பேரையும் கம்பியின் நேர்க்கோட்டை விட்டு விலகி நிற்கச் சொல்லுங்கள். இழுவையில் இருக்கும்போது தகடு விடுபட்டால் சங்கிலியும் வின்ச்சும் கம்பி ஓடும் பக்கமே பாயும். வின்ச்சைத் தளர்த்திவிட்டு அப்புறம் பேசலாம்.

தூண் எது? மரமா, கான்கிரீட்டா, இரும்பா? உருண்டையா, சதுரமா? இழுப்பது முள்கம்பியா, வலையா?

நட்டுபோல்ட் – 10:21

சறுக்குகிறது என்றால் மேலேயா, கீழேயா? அது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முடிந்தால் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் போடுங்கள்.

ஏர்முனை – 10:24

தகடு சறுக்குவது போலத் தெரியும் பல இடங்களில் உண்மையில் தூண்தான் சாய்கிறது. அதை முதலில் பாருங்கள். மூலைத் தூணுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறீர்களா?

ஒற்றை முட்டை விட எச் வடிவக் கட்டு நல்லது. வேலிக்கோட்டிலேயே இரண்டாவது தூண் நட்டு, இரண்டுக்கும் நடுவே குறுக்குச் சட்டம் வையுங்கள். சட்டத்தின் நீளம் வேலி உயரத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு இருக்கட்டும். பிறகு மூலைத் தூணின் அடியிலிருந்து இரண்டாம் தூணின் தலைக்குக் கம்பி கட்டி முறுக்குங்கள். பலர் இந்தக் கம்பியை எதிர்த்திசையில், மூலைத் தூணின் தலையிலிருந்து கட்டிவிடுகிறார்கள். அப்படிக் கட்டினால் இழுவை வரும்போது அது தளர்ந்துதான் போகும்.

கம்பிக்கட்டு – 10:33

தம்பி, இதே கேள்வி இங்கே பலமுறை வந்து பதிலும் சொல்லியாகிவிட்டது. தேடிப் பார்த்திருந்தால் இந்நேரம் வேலை முடிந்திருக்கும். தூண், கம்பி, கருவி மூன்றையும் சொல்லாமல் "சறுக்குகிறது" என்று மட்டும் எழுதினால் அனுபவசாலி என்ன செய்ய முடியும்?

சரி, அடிப்படையைச் சொல்கிறேன். அந்தத் தகடு தூணின் பின்பக்கம், அதாவது கம்பிக்கு எதிர்ப்பக்கம் உட்கார வேண்டும். இரண்டு காதுகளிலிருந்தும் சங்கிலி தூணின் இரு பக்கமாக முன்னால் வந்து வின்ச்சின் கொக்கியில் சேர வேண்டும். இழுக்க இழுக்கப் பல் மரத்துக்குள் இறங்கிப் பிடிக்கும். இது மரத்தூணுக்காகச் செய்த கருவி. உங்களுடையது மரம்தான் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்: பட்டையை உரித்துவிட்டு மாட்டுங்கள்.

முள்முருங்கை – 10:40

மரம் இல்லை. ஜிஐ பைப், 4 அங்குலம், உருண்டை. கான்கிரீட்டில் நிற்கிறது, துளியும் ஆடவில்லை, முட்டும் உண்டு. 4 அடி உயரச் சதுரக்கண் வலை. இரண்டு மரச்சட்டத்துக்கு நடுவே வலையைக் கவ்வி, மேலே ஒரு வின்ச், கீழே ஒரு வின்ச். இரண்டுக்கும் ஒரே மாதிரித் தகடு. கீழே உள்ளது நிற்கிறது, மேலே உள்ளதுதான் கீழ்நோக்கி இறங்குகிறது.

பழைய இரும்பு – 10:44

பைப் என்றால் பல் பயன்படாது. மரத்தில் உள்ளே இறங்கும் பல், பைப்பில் நுனியால் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. கூடவே துத்தநாகப் பூச்சையும் சுரண்டும். நாளைக்கு அந்தக் கீறலில்தான் துரு தொடங்கும். பழைய டயரிலிருந்து ஒரு பட்டை வெட்டித் தகட்டுக்கும் பைப்புக்கும் நடுவே கொடுங்கள். டியூப் ரப்பர் வேண்டாம், பல் கிழித்துவிடும்.

வடக்கயிறு – 10:47

தகடே வேண்டாம். சங்கிலியை நேராகத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கொக்கியில் மாட்டுங்கள். கப்பலைத் துறையில் கட்டுவதே இந்தக் கணக்கில்தான். உரசல் குணகம் 0.3 என்றால் ஒரு முழுச் சுற்றுக்குப் பிடி ஆறரை மடங்கு ஏறும், இரண்டு சுற்றுக்கு 40 மடங்குக்கு மேல். நான் எந்தத் தூணிலும் இப்படித்தான் செய்கிறேன்.

நட்டுபோல்ட் – 10:52

வடக்கயிறு சார், அந்தக் கணக்கு கயிறு தூணைச் சுற்றி நழுவுவதற்கானது. இங்கே சங்கிலி சுற்றி நழுவவில்லை, தூணோடு கீழே இறங்குகிறது. அதற்கு 40 மடங்கு பொருந்தாது.

வடக்கயிறு – 10:55

சுற்று இறுகினால் தூணை நெரிக்கும். நெரித்தால் எந்தப் பக்கமும் நகராது. கையால் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நட்டுபோல்ட் – 11:01

நெரிப்பது உண்மை, கொஞ்சம் உதவவும் செய்யும். ஆனால் முதல் சுற்றிலேயே இழுவையின் பெரும்பகுதி உரசலில் தீர்ந்துவிடுகிறது, இரண்டாம் சுற்றில் சங்கிலி ஏறக்குறையத் தளர்வாகத்தான் கிடக்கும். தளர்ந்த சுற்று எதை நெரிக்கும்? சுற்றுவதை விடச் சுருக்காகப் போடுவது நல்லது. சங்கிலியின் ஒரு முனையில் உள்ள வழுக்குக் கொக்கியைச் சங்கிலியின் மேலேயே மாட்டினால் இழுக்க இழுக்கச் சுருங்கும். கண்ணியில் பூட்டிக்கொள்ளும் கொக்கி இதற்கு ஆகாது, அது வளையத்தின் அளவை அப்படியே நிறுத்திவிடும்.

சம்மட்டி – 11:06

எதற்கு இவ்வளவு? பைப்பில் ஒரு வளையத்தைப் பற்றவைத்துவிடுங்கள். வின்ச் கொக்கி நேராக அதில். சறுக்கவே வழியில்லை.

பழைய இரும்பு – 11:10

ஜிஐ பைப்பில் வெல்டிங் வைக்கச் சொல்லாதீர்கள். துத்தநாகம் எரிந்து வரும் வெண்புகையை மூச்சில் இழுத்தால் அன்று இரவே காய்ச்சல், குளிர், உடம்பு வலி. வைத்தே ஆக வேண்டுமென்றால் அந்த இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டத்தில் நின்று வைத்து, பிறகு துத்தநாகப் பெயின்ட் அடிக்க வேண்டும். ஒருமுறை இழுப்பதற்காகத் தூணைக் கெடுக்க வேண்டுமா?

ஏர்முனை – 11:12

கான்கிரீட் ஊற்றி எத்தனை நாள் ஆயிற்று என்று அவர் இன்னும் சொல்லவில்லை. நான் இன்னும் தூணைத்தான் சந்தேகப்படுகிறேன்.

சம்மட்டி – 11:15

வெல்டிங் வேண்டாம் என்றால் டிராக்டரைத் தூணுக்குப் பின்னால் நிறுத்தி வலையை அதில் மாட்டுங்கள். தகட்டுப் பேச்சே இல்லை. எங்கள் வேலை எல்லாம் அப்படித்தான் நடக்கிறது.

கம்பிக்கட்டு – 11:19

டிராக்டரை வைத்துக் கம்பி இழுப்பவரிடம் வேலியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. லீவரில் உங்கள் கைக்கு இழுவை எவ்வளவு என்று தெரியும். கிளட்சில் தெரியாது. சாதாரண இரட்டைப்புரி முள்கம்பி அறுவதற்கு ஏறத்தாழ 430 கிலோ போதும். டிராக்டர் அதைத் தாண்டுவது ஓட்டுபவருக்கு உறைக்கவே உறைக்காது. அறுந்த முனை எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சம்மட்டி – 11:23

நான் டிராக்டரால் இழுக்கச் சொல்லவில்லை. நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, அதில் வின்ச்சை மாட்டச் சொன்னேன். இழுப்பது கைதான். படித்துவிட்டுப் பதில் போடுங்கள்.

கம்பிக்கட்டு – 11:26

"வலையை அதில் மாட்டுங்கள்" என்று எழுதியது நீங்கள்தானே? புதிதாக வருபவர் அதைப் படித்தால் என்ன செய்வார்?

பழைய இரும்பு – 11:29

நிறுத்திவைத்த வண்டியைப் பிடிமானமாக மட்டும் வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. அதற்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு: தூண் காலியாக இருப்பதால் முடிச்சுப் போட இடம் கிடைக்கும். ஆனால் அவர் கேட்டது தகட்டைப் பற்றி. அதற்கு வருவோம்.

நட்டுபோல்ட் – 11:31

முள்முருங்கை, இரண்டு கேள்வி. கீழே உள்ள தகடு எதன் மேலாவது உட்கார்ந்திருக்கிறதா? வலை ஓடும் பக்கம் நிலம் மட்டமா, இறக்கமா? ஒரே தகடு, ஒரே பைப், கீழே நிற்கிறது, மேலே இறங்குகிறது என்றால் தகட்டில் தவறு இருக்க வாய்ப்பு குறைவு.

முள்முருங்கை – 11:48

கீழ்த் தகடு கான்கிரீட் திட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தூண் மேட்டில் இருக்கிறது, வலை இறக்கத்தில் போகிறது. 4 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும்.

நட்டுபோல்ட் – 11:55

இதுதான் காரணம். கீழ்த் தகட்டைப் பிடித்திருப்பது பல் இல்லை, அந்தக் கான்கிரீட் திட்டு. மேல் தகட்டுக்கு அப்படி ஒரு படி இல்லை.

4-க்கு 1 என்றால் 14 டிகிரி. வலை இழுக்கும் திசை தூணுக்குச் செங்குத்தாக இல்லை, 14 டிகிரி கீழே சாய்ந்திருக்கிறது. 90 டிகிரி வி வெட்டில் இரண்டு முகமும் சேர்த்துப் பைப்பை அழுத்துவது இழுவையின் 1.4 மடங்கு. வழவழப்பான ஜிஐ மேல் இரும்புக்கு உரசல் 0.15 முதல் 0.2 வரை வைத்துக்கொண்டால், 12 முதல் 16 டிகிரிக்குள் எங்கோ தகடு இறங்கத் தொடங்கும். நீங்கள் சரியாக அந்த விளிம்பில் நிற்கிறீர்கள். மட்டமான நிலத்தில் இதே தகடு இதே பைப்பில் பேசாமல் நின்றிருக்கும். சங்கிலியைக் கண்ணி குறைத்து மாட்டியதில் மாற்றம் தெரியாததும் இதனால்தான்: அழுத்தம் கூடினால் கீழே இழுப்பதும் அதே அளவில் கூடுகிறது.

இன்னொன்று, லீவரை மேலும் கீழுமாக அடிக்கிறீர்களா? ஒவ்வொரு அடிக்கும் வின்ச் குலுங்கித் தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும். வின்ச்சைப் படுக்கவைத்து லீவர் பக்கவாட்டில் ஓடும்படி திருப்புங்கள்.

செய்ய வேண்டியது: மேல் தகட்டுக்கும் ஒரு படி கொடுங்கள். இரண்டு அரை வளையமாக வந்து போல்ட்டில் இறுகும் பைப் கிளாம்ப்பைத் தகட்டுக்கு அடியில் ஒட்டினாற்போல் போடுங்கள். யு போல்ட்டும் ஆகும், எதிர்ப்பக்கம் வளைந்த தகடு வைத்தது. அதன் பிடி போல்ட்டின் இறுக்கத்திலிருந்து வருகிறது, வலையின் சாய்விலிருந்து இல்லை. மேல் வின்ச்சில் 200 கிலோ இழுவை என்றே வைத்துக்கொள்ளுங்கள், கீழ்நோக்கி வருவது 50 கிலோவுக்குள்தான். நன்றாக இறுக்கிய கிளாம்ப்புக்கு அது சின்ன பாரம். பழைய இரும்பு அண்ணன் சொன்ன டயர்ப் பட்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கம்பிக்கட்டு – 12:04

சரிவு இருப்பதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும், தம்பி. கணக்கு சரிதான். ஆனால் கிளாம்ப் பாதி வைத்தியம். இறக்கம் முடிந்து மட்டம் தொடங்கும் இடத்தில் முட்டோடு ஒரு தூண் நட்டு, இரண்டு பகுதியாக இழுப்பதுதான் முறை. ஒரே இழுப்பாகப் போனால் பள்ளத்தில் வலை நிலத்தை விட்டுத் தூக்கிக்கொண்டு நடுத்தூண்களை மேலே பிடுங்கும்.

ஏர்முனை – 12:09

இதில் கம்பிக்கட்டு ஐயா சொல்வதுதான் சரி. பள்ளத்தில் நிற்கும் தூண் மேலே வராமல் இருக்க அடியில் குறுக்குக் கட்டை பிணைத்துப் புதைப்பதும் உண்டு. ஒற்றைச் சாய்வு முட்டு வைத்திருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். முட்டின் மேல்முனை மிக உயரத்தில் முட்டினால் அது தூணை நிறுத்துவதோடு மேலே தூக்கவும் செய்யும்.

வடக்கயிறு – 12:15

கிளாம்ப்புக்கு மேலே சங்கிலியைச் சுற்றினால் தகடு இல்லாமலும் நிற்கும் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

நட்டுபோல்ட் – 12:18

நிற்கும், சார். கிளாம்ப் இருக்கும்போது நிற்கும்.

பழைய இரும்பு – 12:26

முள்முருங்கை, முடிச்சுப் போடும்போது இடம் போதாமல் திண்டாடுவீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். வலையைக் கவ்வும் மரச்சட்டம் தூணிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் தள்ளி நிற்கும்போதே இழுவை முடிந்துவிட வேண்டும். சட்டத்தைத் தூண் வரை கொண்டுவந்துவிட்டால் கை நுழையாது. சட்டத்துக்குப் பின்னால் தொங்கும் வால்பகுதியில் நெடுக்குக் கம்பிகளை எடுத்துவிட்டு, குறுக்குக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தூணைச் சுற்றிக் கொண்டுவந்து அதன் மேலேயே நாலைந்து சுற்று முறுக்குங்கள். எல்லாம் கட்டி முடியும்வரை வின்ச்சைத் தொடாதீர்கள்.

விறைப்பு போதுமா என்று பார்க்க வலையிலேயே அடையாளம் உண்டு. குறுக்குக் கம்பியில் சின்ன நெளிவுகள் இருக்கும். அவை மூன்றில் ஒரு பங்கு நிமிர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். முழுக்க நிமிர்த்தினால் குளிரில் கம்பி சுருங்கும்போது கொடுப்பதற்கு வலையிடம் ஒன்றும் மிச்சம் இருக்காது. 100 மீட்டர் கம்பி 20 டிகிரி குளிர்ந்தால் 24 மில்லிமீட்டர் சுருங்கும். முதல் குளிரிலேயே மூலைத் தூணில் தெரியும். லீவர் கனமாகிவிட்டது என்று அதில் பைப்பைச் சொருகி நீட்டவும் வேண்டாம். அந்த லீவர் அளவுக்கு மேல் போனால் தான் வளைந்து எச்சரிக்கும்படி செய்தது.

சம்மட்டி – பிற்பகல் 1:02

டிராக்டரைப் பிடிமானமாக வைப்பதைப் பற்றித் தனி இழை தொடங்குகிறேன். அங்கே பேசலாம்.

முள்முருங்கை – மாலை 5:37

நின்றுவிட்டது. அடியில் கிளாம்ப், நடுவே டயர்ப் பட்டை, லீவர் பக்கவாட்டில். மேல் வின்ச் முழு இழுவையிலும் அசையவில்லை. முதல் பகுதியைக் கட்டி முடித்தோம். இறக்கத்தின் அடியில் ஒரு தூணுக்குக் குழி எடுத்திருக்கிறோம். எல்லோருக்கும் நன்றி.

ஏர்முனை – மாலை 5:50

மகிழ்ச்சி. அந்தப் புதுத் தூணுக்கு இரண்டு பக்கமும் இழுவை வரும், முட்டும் இரண்டு பக்கமும் வேண்டும். அந்தக் கான்கிரீட் எத்தனை நாள் காய்ந்த பிறகு இழுக்கப் போகிறீர்கள்?