“பரவாயில்லை” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்

இங்கிலாந்துக்கு வந்து நான்கைந்து மாதமாகியும் சரியான தூக்கமில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, யாரிடம் போவது என்று கேட்டிருந்தீர்கள். ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரின் பரிந்துரைக்காகக் காத்திருக்க வேண்டாம். 18 வயது நிரம்பி, ஒரு ஜி.பி.யிடம் பதிந்திருந்தால், அரசு மருத்துவத் துறையான என்.எச்.எஸ். நடத்தும் ‘டாக்கிங் தெரபீஸ்’ என்ற பேச்சுச் சிகிச்சைச் சேவைக்கு நீங்களே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். தனிக் கட்டணம் இல்லை. விசாவுக்காக முணுமுணுத்துக்கொண்டே கட்டினோமே சுகாதாரக் கட்டணம், அதிலேயே இதுவும் அடக்கம்.

முதலில் பெரும்பாலும் தொலைபேசியில் பேசுவார்கள். கூடவே இரண்டு கேள்வித்தாள்கள் வரும்: மனச்சோர்வுக்கு 9 கேள்விகள், பதற்றத்துக்கு 7. கடந்த 2 வாரங்களில் எத்தனை நாள் அப்படி இருந்தது என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போட வேண்டும். நான் சறுக்கியது இங்கேதான். அநேகமாகத் தினமும் விடியற்காலை 3 மணிக்கே விழித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தவன், தூக்கத்தைப் பற்றிய கேள்விக்கு 1 போட்டேன். யார் நலம் விசாரித்தாலும் “பரவாயில்லை” என்றே சொல்லிப் பழகிய நாக்கு! அந்த எண்களையும் நம் பேச்சையும் வைத்துத்தான் எந்தச் சிகிச்சை என்று முடிவு செய்கிறார்கள். எனக்கு வீட்டிலிருந்தே செய்யும் இணையப் பயிற்சி ஒன்றைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு அமர்விலும் அதே தாள்கள் திரும்ப வந்தன. பிறகு உள்ளதை உள்ளபடி போட்டேன். ஒருவரிடம் நேரில் உட்கார்ந்து பேசும் சிகிச்சை கிடைத்தது.

சாவைப் பற்றிய எண்ணம் வந்ததா என்பது ஒன்பதாவது கேள்வி. அதிலும் மறைக்காதீர்கள். வந்தது என்றால் விவரமாகக் கேட்பார்கள். அது உங்கள் பாதுகாப்புக்காக.

ஆங்கிலத்தில் மனம் திறக்க வராது என்றால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். அதற்கும் கட்டணமில்லை. பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். மகளை வைத்துக்கொண்டு எந்த அப்பா “வாழப் பிடிக்கவில்லை” என்று சொல்வார்? வந்த மொழிபெயர்ப்பாளர் தெரிந்த முகமாக இருந்தால் வேறொருவரைக் கேளுங்கள், சங்கடப்பட வேண்டாம்.

நீங்கள் பேசுவதை அலுவலகத்துக்குச் சொல்ல மாட்டார்கள். உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்று தோன்றினால் மட்டும் உரியவர்களிடம் தெரிவிப்பார்கள்.

முதல் அமர்வுக்குச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை தாங்காது என்று தோன்றினால் எந்த நேரமானாலும் 111 அழைத்து 2-ஐ அழுத்துங்கள். மனநல உதவிக்கான வழி அது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999.